டாங்கி ஏறிய நட்சத்திரம்

திரையும் போரும் – 9

1935இல் ஜூலியன் டுவிவியே 'கோல்கொதா' என்றொரு படம் எடுத்தார். ஏசுவின் கடைசி நாட்கள்தான் கதை. இன்று அதைத் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தே தீரவேண்டிய படம் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் இந்தத் தொடருக்கு அதன் நடிகர் பட்டியல் முக்கியம். ஏரோது மன்னனாக ஹாரி பௌர். ஏசுவாக ரொபேர் லெ விகான். விசாரணையை முடித்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கைகழுவும் பிலாத்துவாக ழான் கபேன்.

பத்து ஆண்டு கழிவதற்குள் மூவரும் மூன்று திசையில் போய்விட்டார்கள். ஏரோதுவின் முடிவை ஏழாம் பகுதியில் பார்த்தோம். கெஸ்டபோ 1942இல் பௌரைப் பிடித்துச் சென்றது, சில மாதம் வதைத்துவிட்டு வெளியே அனுப்பியது, 1943 ஏப்ரலில் அவர் இறந்துபோனார். ஏசுவின் கதை சென்ற பகுதியில் வந்தது. வானொலியில் யூத வெறுப்பைப் பேசிய லெ விகான் ஜெர்மானியர்களோடு சேர்ந்தே ஓடி, சிறைப்பட்டு, கடைசியில் அர்ஜென்டினாவில் ஒடுங்கினார். மீதி இருப்பவர் பிலாத்து.

கபேன் என்பது அப்பாவின் மேடைப் பெயர். குடும்பப் பெயர் மோன்கோர்ஷே. 1904 மே 17இல் பாரிசில் பிறந்தார். பெற்றோர் இருவரும் இசைக்கூடங்களிலும் கஃபேக்களிலும் பாடிப் பிழைத்தவர்கள். பையன் வளர்ந்தது தலைநகருக்கு வடக்கே மேரியேல் என்னும் சிற்றூரில். வீட்டை ஒட்டியே ரயில் பாதை. எஞ்சின் ஓட்ட வேண்டும் என்பதுதான் அவனுடைய ஆசை. மேடை எட்டிக்காய். பள்ளியை விட்டு, சில்லறை வேலைகள் பார்த்துத் திரிந்தவனை 18 வயதில் அப்பாதான் இழுத்துக்கொண்டு போய் ஃபோலி பெர்ஷேர் அரங்கில் சேர்த்துவிட்டார். நடுவில் கட்டாய ராணுவ சேவை வந்தது. அதைக் கடற்படையில் செய்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். திரும்பி வந்து இசை நாடகங்களில் ஆடினார், பாடினார், மூலேன் ரூஜில் அன்றைய மகாராணி மிஸ்டாங்கெத்தோடு மேடையேறினார். 1930இல் சினிமா பேசத் தொடங்கியபோது, பாரிஸ் தெருவின் உச்சரிப்பை அப்படியே வைத்திருந்த இந்தக் குரலுக்கும் வேலை கிடைத்தது.

முதல் நான்கைந்து ஆண்டுப் படங்களில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1934இல் டுவிவியேயின் 'மரியா ஷப்தெலேன்', மறு ஆண்டு 'கோல்கொதா', அதே ஆண்டு 'லா பந்தெரா'. இந்த மூன்றாவதில்தான் கபேன் கபேனானார். பாரிசில் ஒரு கொலையைச் செய்துவிட்டு ஸ்பானிய அயலகப் படையில் பெயர் மறைத்துச் சேரும் ஆள். அவனைத் துப்பறிய அதே படைக்குள் நுழையும் ஒற்றனாக லெ விகான்!

அதற்குப் பிறகு வந்த நான்கு ஆண்டுகளைப் போல வேறெந்த நடிகருக்கும் பிரெஞ்சு சினிமாவில் வாய்த்ததாக எனக்குத் தெரியவில்லை. டுவிவியேயின் 'லா பெல் எகீப்', 'பெப்பே லெ மோக்கோ'. ரெனுவாரின் 'லா கிராந்த் இல்யூசியோன்', 'லா பேத் யூமேன்'. மார்செல் கார்னேயின் 'லெ கே தெ ப்ரூம்', 'லெ ழூர் ஸெ லேவ்'. நடுவே கிரெமியோனின் 'கேல் தாமூர்'. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே மனிதன்தான் வெவ்வேறு உடையில் வருகிறான். உழைப்பாளி, நேர்மையானவன், அதிகம் பேசாதவன், சீண்டினால் வெடிப்பவன், தப்பித்துவிடலாம் என்று நம்பி ஒரு பெண்ணிடம் மனதைக் கொடுப்பவன். முடிவில் சாவான். பெப்பே துறைமுகக் கம்பிக்கதவின் அருகே தன்னைத் தானே குத்திக்கொள்கிறான். 'லெ கே தெ ப்ரூம்'மில் படையைவிட்டு ஓடிவந்த சிப்பாய், கப்பல் கிளம்பும் நேரத்தில் லெ ஹாவ்ர் தெருவில் சுடப்பட்டு விழுகிறான். 'லா பேத் யூமேன்'னின் எஞ்சின் ஓட்டுநர் ஓடும் ரயிலிலிருந்து குதிக்கிறான். 'லெ ழூர் ஸெ லேவ்'வின் தொழிலாளி, போலீஸ் சூழ்ந்த மாடி அறையில் இரவு முழுதும் சிகரெட் பிடித்துவிட்டு விடியலில் நெஞ்சில் சுட்டுக்கொள்கிறான். ஒப்பந்தத்தில் ஒரு கோபக் காட்சி வேண்டும், ஒரு சாவு வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்வார் என ஒரு வம்பு அப்போதே உலவியது. உண்மையோ இல்லையோ, அந்த வம்பு பிறந்ததற்குக் காரணம் இருக்கிறது.

1936இல் இடதுசாரிகளின் மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்தது. வாரத்துக்கு 40 மணி நேர வேலை, சம்பளத்தோடு விடுமுறை. தொழிலாளிகள் முதல்முறையாகக் கடற்கரையைப் பார்க்கப் போன கோடைக்காலம் அது. அதே ஆண்டு வந்த 'லா பெல் எகீப்'பில் வேலையில்லாத ஐந்து நண்பர்கள் லாட்டரியில் பரிசு அடித்து, பங்கு பிரிக்காமல், மார்ன் நதிக்கரையில் சேர்ந்து ஒரு உணவு விடுதி கட்டுகிறார்கள். ஒவ்வொருவராகக் கழன்றுபோய் இருவர் மிஞ்ச, விவியன் ரொமான்ஸ் ஏற்ற பாத்திரம் அவர்கள் நடுவே புகுகிறது. டுவிவியே எடுத்த முடிவில் நண்பனை நண்பன் சுட்டுக் கொல்கிறான். பார்த்த ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. இருவரும் சமாதானமாகும் இன்னொரு முடிவும் எடுக்கப்பட்டது. இரண்டும் இன்று கிடைக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், கபேனின் முகம் எந்த முடிவுக்குப் பழகியது என்பது புரியும்.

ரெனுவாரின் படங்களில் அவர் கொஞ்சம் வேறு மாதிரி. 'லா கிராந்த் இல்யூசியோன்'னில் அவர் ஏற்ற விமானப் படை அதிகாரி மரேஷால் முன்னாள் மெக்கானிக். அதில் அவர் அணிந்திருப்பது முதல் உலகப் போரில் விமானியாக இருந்த ரெனுவாரின் சொந்தச் சட்டை. அந்தப் படத்தில் அவர் சாவதில்லை. ஜெர்மானியச் சிறை முகாமிலிருந்து தப்பி, பனி மூடிய சுவிஸ் எல்லையைக் கடந்துவிடுகிறார். கோயபல்சுக்கு அந்தப் படம் கண்ணில் விழுந்த முள். 'லா பேத் யூமேன்'னில் சிறுவயது ஆசையும் நிறைவேறியது. பாரிசுக்கும் லெ ஹாவ்ருக்கும் இடையே நிஜ ரயில் எஞ்சினை ஓட்டக் கற்று, கரி படிந்த முகத்தோடு தானே நின்று ஓட்டினார். படத்தின் முதல் சில நிமிடங்களில் வசனம் என்று எதுவும் கிடையாது. சக்கரங்களும் நீராவியும் இரண்டு ஆட்களின் கைச்சைகையும்தான். அவர் முகத்தில் தெரியும் அந்த நிறைவு நடிப்பு என்று என்னால் நம்ப முடியவில்லை.

1939 கோடை. பிரெத்தானி முனையிலுள்ள பிரெஸ்ட் துறைமுகத்தில் கிரெமியோன் 'ரெமோர்க்' படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். புயலில் சிக்கிய கப்பல்களை இழுத்துவரும் இழுவைக் கப்பலின் தலைவனாக கபேன், ஜோடி மிஷெல் மோர்கன். செப்டம்பர் 3இல் பிரான்ஸ் போர் அறிவித்தது. படப்பிடிப்பு அப்படியே நின்றது. கடற்படை ரிசர்வ் பட்டியலில் இருந்த கபேன் ஷெர்பூருக்கு அழைக்கப்பட்டார். நடுவில் விடுப்பு வாங்கி வந்து மீதியை நடித்துக்கொடுத்தார். படம் வெளியானது 1941 நவம்பரில். அப்போது அவர் பிரான்சிலேயே இல்லை.

போர் தொடங்கியதுமே தணிக்கைக்காரர்கள் 'லெ ழூர் ஸெ லேவ்'வைத் தடைசெய்தார்கள். மக்களின் மன உறுதியைக் குலைக்கிறதாம். 1940 ஜூனில் தோல்வி வந்தபின் வீஷி அரசின் ஆட்கள் ஒரு படி மேலே போனார்கள். படையைவிட்டு ஓடியவனை நாயகனாக்கிய 'லெ கே தெ ப்ரூம்' போன்ற படங்களால்தான் நாடு தோற்றது என்றார்கள். புயல் வந்ததற்கு வானிலைக் கருவியைக் குற்றம் சொல்வதா என்று கார்னே திருப்பிக் கேட்டதாகச் சொல்வார்கள். தோற்ற தளபதிகளின் பெயர்களைவிட ஒரு நடிகனின் முகம் கைக்கு எளிதாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஜெர்மானியர்களோ அந்த முகத்தை விரும்பினார்கள். 1940 இறுதியில் பாரிசில் கோன்தினந்தால் என்ற படநிறுவனம் முளைத்தது. பிரெஞ்சுக் கலைஞர்கள், பிரெஞ்சு மொழி, முதலீடு பெர்லினுடையது. நடத்தியவர் அல்ஃப்ரெட் கிரெவன். நாட்டின் முதல் நட்சத்திரம் கையெழுத்துப் போட்டால் மற்றவர்கள் தானாக வருவார்கள் என்பது கணக்கு. கபேன் போடவில்லை. ஆக்கிரமிக்கப்படாத தெற்குப் பகுதிக்குப் போனார். அங்கிருந்து ஸ்பெயின், போர்ச்சுகல் வழியாக 1941 தொடக்கத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். சாமான்களில் பந்தய சைக்கிளும் அக்கார்டியனும் இருந்தன.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நாட்டைவிட்டுப் போனதைத் தியாகமாகவோ கோழைத்தனமாகவோ எழுதிவிடுவது சுலபம். தங்கியவர்கள் எல்லாரும் துரோகிகள் இல்லை. கார்னே தங்கினார், கிரெமியோன் தங்கினார், இருவரும் ஆக்கிரமிப்புக் காலத்தில் நல்ல படங்களே எடுத்தார்கள். ஆனால் தங்கிய நட்சத்திரங்களுக்கு அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. 1942 மார்ச்சில் பாரிசின் கிழக்கு ரயில் நிலையத்தில் எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. பெர்லினுக்கு விருந்தாளிகளாகப் போகும் பிரெஞ்சு நடிகர்கள் ரயிலேறுகிறார்கள். தானியேல் தாரியே, சூசி தெலேர், அல்பேர் ப்ரெழான், 'லா பெல் எகீப்'பில் நண்பர்களைப் பிரித்த விவியன் ரொமான்ஸ், ரெனே தாரி. தாரியே போனதற்குச் சொந்தக் காரணம் இருந்தது. அவருடைய காதலர் அங்கே காவலில் இருந்தார். இந்த வரிசையில் ரெனே தாரியை மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கபேன் இல்லாத ஆண்டுகளில், கபேன் ஏற்கக்கூடிய உரம் பாய்ந்த உழைப்பாளி வேடங்கள் இவருக்குத்தான் போயின.

ஹாலிவுட்டில் கபேன் இரண்டே படங்கள் நடித்தார். முதலாவது 'மூன்டைட்', 1942. ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் தயாரிப்பு. கலிஃபோர்னியத் துறைமுகக் கூலி ஒருவனின் கதை. ஃபிரிட்ஸ் லாங் தொடங்கினார், இடையிலேயே விலகினார், ஆர்ச்சி மேயோ முடித்தார். பேர்ள் துறைமுகத் தாக்குதலால் நிஜக் கடற்கரையில் எடுக்க முடியாமல்போய், மீனவர் குப்பமே ஸ்டூடியோவுக்குள் கட்டப்பட்டது. படம் மோசமில்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் முன்கூட்டியே ஒத்திகை பார்த்ததுபோல் வெளிவருகிறது. பாரிஸ் பேச்சை எடுத்துவிட்டால் கபேனிடம் பாதிதான் மிஞ்சும் என்று அமெரிக்கத் தயாரிப்பாளர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

அங்கே அவரைத் தாங்கியவர், அவரோடு சேர்ந்து வாழ்ந்த நடிகை மார்லீன் டீட்ரிஷ். பெர்லினில் பிறந்து, நாஜிகளின் அழைப்பை உதறி, 1939இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். ரெனுவார், டுவிவியே என்று ஊரைவிட்டு வந்தவர்கள் கூடும் வீடாக அவர்களுடைய வீடு இருந்தது. உலகின் விலையுயர்ந்த கால்களுக்குச் சொந்தக்காரி முட்டைக்கோசும் இறைச்சியும் போட்டுப் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சமைத்துப்போட்டதைப் பலர் வியந்து எழுதியிருக்கிறார்கள்.

கபேனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. 1943 ஏப்ரலில் தெ கோலின் சுதந்திர பிரெஞ்சுப் படையின் கடற்படைப் பிரிவில் சேர்ந்தார். (நமக்கு இது ரொம்பத் தொலைவான சங்கதி அல்ல. புதுச்சேரி ஆளுநர் லூயி போன்வேன் 1940 செப்டம்பரிலேயே அதே தெ கோலின் பக்கம் சாய்ந்துவிட்டார். அந்தப் படையில் புதுச்சேரிக்காரர்களும் இருந்தார்கள்.) கிளம்பும்முன் டுவிவியேயின் இயக்கத்தில் இரண்டாவது அமெரிக்கப் படத்தை முடித்துக்கொடுத்தார். 'தி இம்போஸ்டர்'. தூக்குத்தண்டனைக் கைதி ஒருவன், சிறைமேல் குண்டு விழுந்ததால் தப்பி, செத்த சிப்பாயின் பெயரில் ஆப்பிரிக்காவில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து வீரனாகிறான். 1944இல் படம் அமெரிக்கத் திரைக்கு வந்தது. திரையில் கபேன் போரிட்டுக்கொண்டிருந்தபோது நிஜக் கபேன் கடலில் இருந்தார்.

எலோர்ன் என்பது ஒரு ராணுவ எண்ணெய்க் கப்பல். வர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து கப்பல் அணியோடு அது கிளம்பியபோது, அதன் ஆயுதங்களுக்குப் பொறுப்பாளராக கபேன் இருந்தார். கப்பல் அணிகளில் எண்ணெய்க் கப்பலில் போவதை யாரும் விரும்பமாட்டார்கள். மற்ற கப்பல் அடிபட்டால் மூழ்கும், இது எரியும். தீயென்றால் கபேனுக்கு நடுக்கம் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிக்கிறார்கள். அட்லாண்டிக்கைத் தாண்டி, மத்திய தரைக்கடலில் அல்ஜீரியக் கரையோரம் தெனேஸ் முனை அருகே ஜெர்மன் விமானங்கள் தாக்கின. எலோர்ன் தப்பித்து அல்ஜியர்ஸ் சேர்ந்தது.

'பெப்பே லெ மோக்கோ' நடந்த ஊர் அது. பெப்பே ஒளிந்து திரிந்த கஸ்பா சந்துகளின் பெரும்பகுதி பாரிசை அடுத்த ழுவான்வில் ஸ்டூடியோவில் போட்ட செட். படத்தில் பெப்பே ஒரு கப்பலேறி அல்ஜியர்சை விட்டுப் போகத் துடித்துச் சாகிறான். ஏழு ஆண்டு கழித்து அவனாக நடித்தவர் கப்பலில் வந்து அங்கே இறங்கினார். சில வாரங்களில், அமெரிக்கத் துருப்புகளுக்குக் கலைநிகழ்ச்சி நடத்தும் குழுவோடு டீட்ரிஷும் வந்துசேர்ந்தார்.

அல்ஜியர்சில் கடற்படை வீரர்களுக்குப் பயிற்சி தரும் வேலையைக் கொடுத்தார்கள். நாற்பது வயது, புகழ், ஏற்கெனவே ஒரு கடல் பயணம். அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் களத்துக்குப் போகவேண்டும் என்று கேட்டார். தளபதி லெகிளேரின் இரண்டாம் கவசப் படைப்பிரிவில் ஒரு விசித்திரமான ரெஜிமென்ட் இருந்தது. ஓட்டக் கப்பல் இல்லாமல்போன கடற்படையினரைக் கொண்டு உருவாக்கிய டாங்கி ரெஜிமென்ட். தலையில் சிவப்புக் குஞ்சம் வைத்த மாலுமித் தொப்பி. டாங்கிகளுக்குப் போர்க்கப்பல்களின் பெயர். அதில் சேர்ந்த கபேனுக்குக் கிடைத்த டாங்கியின் பெயர் 'சுஃப்லர் 2'. முதல் சுஃப்லர் 1941இல் மூழ்கிய ஒரு நீர்மூழ்கி. டாங்கித் தலைவர்களிலேயே வயதில் மூத்தவர் இவர்தான் என்று சொல்லிச் சிரிப்பார்களாம். கூட இருந்த பையன்கள் பள்ளிக்கூட நாட்களில் கொட்டகையில் அவர் சாவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

பெரிய பெயர் பெற்ற சண்டைகள் அதற்குள் முடிந்துவிட்டன. பாரிசும் ஸ்த்ராஸ்பூரும் 1944லேயே மீட்கப்பட்டிருந்தன. கபேன் பங்கேற்றது 1945 ஏப்ரலில், அட்லாண்டிக் கரையில் ஜிரோந்த் முகத்துவாரத்தை விடாமல் பிடித்துவைத்திருந்த ஜெர்மானியர்களை ருவாயானிலிருந்து விரட்டிய சண்டையில். போர் முடிய மூன்று வாரமே இருந்தபோது அந்த ஊரைத் தரைமட்டமாக்கியது தேவையா என்ற வாக்குவாதம் பிரான்சில் இன்னும் அடங்கவில்லை. பிறகு படைப்பிரிவு கிழக்கே திரும்பியது. ரைனைக் கடந்து, பவேரியா வழியாக, மே முதல் வாரத்தில் ஹிட்லரின் மலை வாசஸ்தலமான பெர்க்டெஸ்காடனை எட்டியது. 'சுஃப்லர் 2'உம் அங்கே போய் நின்றது.

டீட்ரிஷ் பின்னாளில் சொன்ன கதை ஒன்று. ஜெர்மனியில் எங்கோ லெகிளேரின் டாங்கிகள் நிற்கின்றன என்று கேள்விப்பட்டு, கிடைத்த வண்டியில் ஏறிப் போய், ஒவ்வொரு டாங்கியாகப் பெயர் சொல்லிக் கூவித் தேடினாராம். திரும்பிப் பார்த்த ஆளின் தலை நரைத்திருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, நீ இங்கே என்ன எழவுக்கு வந்தாய் என்கிற தோரணையில் இருந்ததாம். டீட்ரிஷ் கதைகளில் பத்துக்கு நான்கு பழுதில்லை. இது அந்த நான்கில் ஒன்றாக இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

ராணுவப் பதக்கமும் போர்ச் சிலுவையும் கிடைத்தன. 1945 ஜூலையில் விடுவித்து அனுப்பினார்கள். வெற்றி அணிவகுப்பில் போக மறுத்து, ஷாம்ஸ் எலிசேயில் ஓர் ஓட்டல் பால்கனியில் நின்று தன் டாங்கி கடந்துபோவதைப் பார்த்து அழுதார் என்று அவரைப் பற்றி எழுதுவோர் விடாமல் சொல்கிறார்கள். அழுதாரோ என்னவோ, அந்தப் போரைப் பற்றி அவர் மேடையில் பேசவில்லை, விளம்பரம் தேடவில்லை, 'சுஃப்லர் 2'ஐ வைத்து ஒரு படம் பண்ணவுமில்லை.

அடுத்த ஒன்பது ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். அவருக்கு அவை வேகமாகக் கடக்கவில்லை. கார்னேயும் அவருடைய வசனகர்த்தா ப்ரெவேரும் கபேனையும் டீட்ரிஷையும் மனதில் வைத்து 'லெ போர்த் தெ லா நுயி' படத்தைத் தயார்செய்தார்கள். இருவரும் விலகிக்கொள்ள, அந்த வேடம் அன்று அதிகம் அறியப்படாத பாடகர் ஈவ் மோன்தானுக்குப் போனது. அதற்குப் பதில் கபேன் தேர்ந்தெடுத்தது, போருக்கு முன்பே உரிமை வாங்கிவைத்திருந்த ஒரு நாவலை. டீட்ரிஷோடு நடித்த 'மார்த்தேன் ரூமாஞாக்' 1946இல் வந்து கவிழ்ந்தது. பிரெஞ்சுச் சிற்றூர்க்காரியாக டீட்ரிஷை யார் நம்புவார்கள்? சிறிது காலத்தில் அந்த உறவும் முறிந்தது. 1949இல் தொமினிக் ஃபூர்னியேயை மணந்தார், மூன்று குழந்தைகள் பிறந்தார்கள், நார்மாந்தியில் நிலம் வாங்கி மாடு வளர்க்கத் தொடங்கினார்.

நல்ல படம் ஒன்றுமே இல்லை என்று சொல்லமுடியாது. 1951இல் பார்வை இழந்த ரயில் ஓட்டுநராக நடித்ததற்கு வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். ஆனால் கொட்டகைக்கு வந்தவர்கள் தேடியது 1938இன் கபேனை. கலைந்த பொன்னிற முடியும் தொழிலாளித் தொப்பியுமாக, விடியுமுன் செத்துப்போகும் அந்த இளைஞனை. திரையில் வந்தவரோ வெள்ளைமுடி, தடித்த உடம்பு, ஐம்பதை நெருங்கும் வயது. இந்த ஆளைக் கொன்றால் யாருக்கும் நெஞ்சு பதறாது. ஆக, போருக்குப் போனதற்கு அவர் கொடுத்த விலை எண்ணெய்க் கப்பலிலோ ருவாயானிலோ இல்லை, இங்கேதான் என்பது என் எண்ணம். உள்ளூரிலேயே இருந்து ஆண்டுக்கு இரண்டு படம் நடித்திருந்தால் ரசிகர்கள் அவரோடு சேர்ந்தே, தெரியாமலே, வயதாகியிருப்பார்கள். ஐந்து ஆண்டு காணாமல்போய்த் திரும்பியவரை ஒரே நாளில் கிழவராகப் பார்த்ததை அவர்களால் மன்னிக்க முடியவில்லை.

அதைச் சரிசெய்தவர் ழாக் பெக்கேர், ரெனுவாரிடம் உதவியாளராக இருந்தவர். 1954இல் வந்த 'தூஷே பா ஓ கிரிஸ்பி'. அல்பேர் சிமோனேனின் நாவல். வயதான தாதா மாக்ஸ், கடைசியாக அடித்த கொள்ளையின் தங்கக்கட்டிகளைப் பதுக்கிவைத்துக்கொண்டு ஓய்வு பெற நினைக்கிறான். பழைய கூட்டாளி ரித்தோன் ஓர் இளம்பெண்ணிடம் பெருமைக்காக உளறிக்கொட்ட, எதிர்க்கும்பல் அவனைத் தூக்கிவிடுகிறது. நண்பனா தங்கமா என்பதுதான் மீதிக் கதை. கூட்டாளியாக நடித்தவர் ரெனே தாரி!

இதைப் பெக்கேர் வேண்டுமென்றே செய்தாரா, தெரியாது. செய்ததன் பலன் திரையில் இருக்கிறது. இரவில் மாக்ஸ் தன் ரகசிய வீட்டுக்கு ரித்தோனை அழைத்துவருகிறான். துப்பாக்கி, துரத்தல் எதுவும் இல்லை. வறட்டு ரொட்டியில் இறைச்சிப் பசையைத் தடவி, வெள்ளை ஒயினோடு சாப்பிடுகிறார்கள். கண்ணுக்குக் கீழே தொங்கும் பையைப் பார், கழுத்தைப் பார், இந்த வயதில் இளம்பெண் எதற்கு என்று மாக்ஸ் நண்பனிடம் வயதைப் பற்றி நேராகப் பேசுகிறான். பிறகு இருவரும் பைஜாமா மாட்டிக்கொண்டு பல் துலக்குகிறார்கள். தாதா படத்தில் பல் துலக்கும் காட்சியை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. போனவரும் தங்கியவரும், அசல் கபேனும் மாற்றுக் கபேனும் ஒரே குளியலறையில். போர்க்காலத்தில் இருவரும் எங்கே இருந்தார்கள் என்று படம் கேட்கவில்லை. கொட்டகையில் இருந்த பெரியவர்கள் அனைவருக்கும் அது தெரியும்.

பிரான்சில் மட்டும் 40 லட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். கபேனுக்கு அதே ஆண்டு வெனிஸில் இரண்டாம் முறையாக விருது. எதிர்க்கும்பல் தலைவனாக நடித்த முன்னாள் மல்யுத்த வீரர் லினோ வெந்தூராவுக்கு அது முதல் படம். ரித்தோனின் இளம்பெண்ணாக வந்தவர் ழான் மோரோ. அங்கிருந்து சாகும்வரை, அதாவது 1976 நவம்பர்வரை, கபேனுக்கு வேலைக்குக் குறைவில்லை. துப்பறிவாளர் மெக்ரே, நீதிபதி, வங்கிக்காரர், குடும்பத் தலைவர் என்று அவர் ஏற்ற பெரியமனித வேடங்களில் பாதியை நான் விரும்பவில்லை. முப்பதுகளில் விதியிடம் தோற்ற மனிதர் அறுபதுகளில் தானே விதியாகி மற்றவர்களை அதட்டத் தொடங்கிவிட்டார்.

ஆனால் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. ஆக்கிரமிப்புக் காலத்தை அவர் நேருக்கு நேர் தொட்டது அதில்தான். 1956, க்ளோத் ஓத்தான் லாரா இயக்கிய 'லா த்ராவர்சே தெ பாரி', மூலம் மார்செல் எமேயின் சிறுகதை. 1943. ஊரடங்கு. கள்ளச் சந்தைக்கு வெட்டிய ஒரு முழுப் பன்றியை நான்கு பெட்டிகளில் அடைத்து, இரவோடு இரவாக பாரிசின் ஒரு மூலையிலிருந்து மோன்மார்த்ர் வரை நடந்தே சுமக்கவேண்டும். சுமப்பவன் வேலை இழந்த டாக்சி ஓட்டுநர் மார்த்தேன், நடித்தவர் பூர்வில். அவன் உதவிக்குக் கூப்பிட்ட முன்பின் தெரியாத ஆள் கபேன். கள்ளச் சந்தைக்காரனின் நிலவறையில் நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கும்படி அவன் முகவரியைக் கத்திக் கத்தியே கூலியை ஏற்றுகிறார். கள்ளச் சந்தைக்காரனாக விழி பிதுங்கி நிற்பவர் லூயி தெ ஃபூனேஸ். கொஞ்ச நேரத்தில் உண்மை வெளிவருகிறது. இவர் கூலியே இல்லை, பெயர்பெற்ற ஓவியர் கிராங்ழில். மனிதர்கள் எவ்வளவு பயப்படுகிறார்கள் என்று பார்க்க வந்தவர்.

இருவரும் பிடிபடுகிறார்கள். ஜெர்மன் அதிகாரி ஓவியரை அடையாளம் கண்டுகொள்கிறான். ரசிகன். புகழுக்கு மரியாதை, வெளியே விடுகிறான். அடையாளம் தெரியாத டாக்சி ஓட்டுநரை லாரியில் ஏற்றுகிறார்கள். கிரெவனின் அலுவலகத்தில் 1940இல் கபேன் கையெழுத்திட்டிருந்தால் அவருக்கும் இப்படித்தான் எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும். புகழால் தப்பிய மனிதனை அவர் கொஞ்சமும் அழகுபடுத்தாமல், திமிரும் வெட்கமும் கலந்து நடித்தார். அந்த ஆண்டு வெனிஸில் சிறந்த நடிகர் விருது அந்தப் படத்துக்கே கிடைத்தது. வாங்கியவர் லாரியில் ஏற்றப்பட்ட பூர்வில்.

(தொடரும்)